லில்லிக்குப் பேயோட்டிய கதை

பேய் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஒரு முயலுக்குப் பேயோட்டியவன்.

கல்யாணமான புதிது. அல்சூரில் குடியிருந்தோம். தங்கவயலில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிய என் மனைவி பிலோமினா, குட்டியிலிருந்து தான் வளர்த்த வெள்ளை முயல் லில்லியை என்னிடம் ஒப்படைத்தாள்.

"புல்லு, கொத்தமல்லி, முள்ளங்கி இலை. வேற எதுவும் குடுக்காதீங்க. இவளுக்கு ஏதாவது ஆச்சு, நான் அம்மா வீட்லயே இருந்துடுவேன்." (விளையாட்டுக்குச் சொல்லும் முகமாக இல்லை.)

பக்கத்தில் நல்ல புல் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தது. பனிமூட்டமான காலை. பெயர் அழிந்துபோன ஒரு கல்லறையின் மேல் கைநிறைய அறுத்தேன். பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். (ஓடினேன்.)

லில்லி புல்லைத் தின்றாள். பிறகு காதை விறைத்துக்கொண்டு, ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பின்னங்காலால் தரையை அடித்தாள். டொம். டொம். அப்புறம் படுத்தாள்; கண்ணை மூடவில்லை. மத்தியானம் முழுக்க இமைக்காமல் என்னையே பார்த்தாள். கல்லறைக்காரர் புல்லைத் தேடி வந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மிச்சப் புல்லை வீசி எறிந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை, பேயோட்டும் புனிதர் அந்தோணியாரின் நாள். கோவிலில் மந்திரித்துக் கொடுக்கும் அந்தோணியார் ரொட்டியைக் கொண்டுவந்து ஊட்டினேன். ஆசையாகத் தின்றாள். பேய் இறங்குகிறது என்று பூரித்து, அக்கம்பக்கத்தார் பங்கையும் கேட்டு வாங்கி மூன்று நாள் அதையே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தின்பதை நிறுத்தினாள். வயிறு உப்பி, மூலையில் ஒடுங்கினாள். நிசப்தமான வீட்டில் 'நறநற'வென்று பல் கடிக்கும் சத்தம். ஜெபமாலையோடு கட்டில்மேல் ஏறி நின்றேன். பயம்தான், ஆனால் அவள் செத்துவிடுவாளோ என்ற துக்கம் அதைவிட அதிகம்.

வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. பிலோமினா ரொட்டித் துகளைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் உளறிக்கொட்டினேன்.

"காலை அடிக்கிறதும் கண்ணைத் திறந்துட்டுத் தூங்குறதும் முயலோட சுபாவங்க. பல்லைக் கடிக்கிறதுதான் வயித்துவலி. ரொட்டி குடுத்தது யாரு?"

"அந்தோணியார்" என்றேன்.

பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடி மருந்து வாங்கிவந்தாள். வயிற்றை நீவியபடி, "போய்ப் புல்லு கொண்டாங்க" என்றாள். அதே கல்லறை. இந்தத் தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு அறுத்தேன்.

சாயங்காலம் லில்லி புல்லைக் கொறித்தாள், நாலு புழுக்கை போட்டாள். நான் முழந்தாளிட்டு நன்றி சொன்னேன். அதன்பிறகுதான் பிலோமினா பெட்டியைத் திறந்தாள்.

இன்றும் கல்லறைத் திருநாள் வந்தால் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அப்பா, உங்க கல்லறைக்குப் பூ வேணுமா, ரொட்டி வேணுமா?"

பதில் பிலோமினாவிடமிருந்து வரும். "புல்லு வளரட்டும், போதும். ஏதாவது ஒரு முயல் பொழைச்சுக்கும்."