அருள்நிறையின் ஷேர் ஆட்டோ

மாதா கோயில் வாசலை மிதிக்காமலேயே ஜெபமாலையில் சரிபாதியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த ஒரு பெருங்கூட்டம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. அவர்களை எந்தப் பங்குச் சாமியாரும் உருவாக்கவில்லை. செவிலிமேட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரே ஒரு மனிதர், காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போடாமல், உருவாக்கினார். ஊருக்குள் அவருக்குப் பெயர் அருள்நிறை. லைசென்ஸில் வேறு ஏதோ பெயர் இருப்பதாகக் கேள்வி. அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

ஜெபமாலை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் முதல் பாதியை ஒருவர் சொல்வார். ‘தூய மரியே’ என்று தொடங்கும் இரண்டாம் பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். தடவைக்கு மாலையின் ஒரு மணியாக, இப்படிப் பத்து தடவை சொன்னால் ஒரு பத்து. ஐந்து பத்து சேர்ந்தால் ஒரு ஜெபமாலை. கோயிலில் இதற்கு இருபது நிமிடம் ஆகும். செவிலிமேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம்தான். இந்தப் பொருத்தத்தை உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் அருள்நிறை.

வண்டியைக் கிளப்பி, நெற்றியில் சிலுவை போட்டு, முதல் பாதியை ஆரம்பித்துவிடுவார். ஏறியவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திட்ட மாட்டார், இறக்கிவிட மாட்டார். வண்டியின் வேகத்தைக் குறைப்பார், அவ்வளவுதான். ஆபீசுக்கு நேரமாகிறவன் எத்தனை நாள் வீம்பு பிடிப்பான்? ஒரு வாரத்தில் எல்லோரும் வழிக்கு வந்துவிடுவார்கள். அவர் வண்டியில் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. “மூணாவது பத்து முடிஞ்சதும் எறக்கி வுட்டுடுப்பா” என்றுதான் ஜனங்கள் ஏறுவார்கள். நாலாவது பத்தில் ஆறாவது மணி வந்தால் நெசவாளர் சொசைட்டி வாசல். நெய்த சேலையைக் கொடுக்க வாரம் இரண்டு தடவை அங்கே போகும் சரோஜாம்மா, ஐந்தாவது மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு தயாராகிவிடுவார்.

இதெல்லாம் வெறும் பக்திப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும், லைன் போட்டபடியே. மறுமுனையில், ஓரிக்கை வீட்டில், அவருடைய மனைவி பிலோமினா. ஒரு காலத்தில் ஞாயிறு பூசைக்கு முன்னால் கோயிலில் ஜெபமாலையின் முதல் பாதியைச் சொல்லிவந்தவர். இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வருஷமாகக் கட்டிலோடு கட்டிலாக இருந்தார். கோயிலுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அதனால் அருள்நிறை தினமும் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு கோயிலையே அவர் காதுக்கு அனுப்பினார்.

பிலோமினா அக்கா சும்மா படுத்துக் கேட்கிறவர் இல்லை. எங்களோடு சேர்ந்து பதில் சொல்வார். போன் லைன் என்பதால் அவருடைய ஆமென் மட்டும் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால், “இது யாருக்குங்க? கருத்து சொல்லுங்க” என்பார். கருத்து என்றால் வேண்டுதல். உடனே வண்டியே திறந்துகொள்ளும். மருமகன் குடியை விட வேண்டும், அரசாங்கப் பரீட்சை, வீட்டு மாடியில் குரங்குத் தொல்லை. சரோஜாம்மாவுக்கு எப்போதும் ஒரே வேண்டுதல்தான்.

“தறியில பாவு அறுந்துக்கினே இருக்குதும்மா. ஒரு வாரமா இழை முடிச்சுப் போட்டே விரல் தேஞ்சு போச்சு.”

“சரோஜாம்மா வூட்டுப் பாவு அறாம இருக்கணும்னு இந்தப் பத்து,” என்று போன் அறிவிக்கும். மாதா அதுவரை கேட்டிராத வேண்டுதலாகத்தான் அது இருந்திருக்கும்.

“உங்களுக்குக் காமாட்சி இருக்கும்போது இது எதுக்கு?” என்று ஒரு நாள் சரோஜாம்மாவைக் கேட்டேன்.

“காமாட்சிகிட்டயும்தான் சொல்லிக்கினு வந்தேன்,” என்றார். “இந்தம்மா பெத்த புள்ளைய கண்ணெதிர்ல பறிகொடுத்தவங்கன்னு பிலோமினா சொல்லிச்சு. அப்படிப்பட்டவங்களுக்கு அடுத்தவங்க கஷ்டம் சொல்லாமலே புரியும் சார்.”

நான் கோயிலில் கேட்ட எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. நான் பிறவிக் கத்தோலிக்கன் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு பூசைக்குப் போவேன். பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே வந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். ஆட்டோவில் ஏறியதும் காதில் இயர்போனைச் சொருகிக்கொள்வேன். சரோஜாம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. “இன்னா சார் இது! உங்க சாமிகிட்ட நாங்க வேண்டிக்கினு இருக்கோம், நீங்க காதுல பஞ்சு வெச்சுக்கினு வர்றீங்க!” என்று எல்லோர் எதிரிலும் மானத்தை வாங்கினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற ஐந்து பேர் சொல்கிற ஜெபத்திலேயே, என் பங்கு இல்லாமல், வண்டி வேகமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

போக்குவரத்து நெரிசலில் அருள்நிறையின் ஜெபம் ஒரு தனி ரகம். “அருள் நிறைந்த மரியே... டேய், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா... வாழ்க!” என்பார். உடனே போனிலிருந்து, “அந்தத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு அப்பறமா மேல சொல்லு” என்று உத்தரவு வரும். அவரும் அடுத்த சிக்னலில், பைக்கில் குறுக்கே வந்த அந்தப் பையனை எட்டிப் பிடித்து மன்னிப்புக் கேட்பார். அவன் பயந்துபோய் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவான். ஒரு தடவை டிராபிக் கான்ஸ்டபிள் மடக்கி, “போன் பேசிக்கினே ஓட்றியா?” என்று கேட்டார். “பேசலை சார், வேண்டிக்கினு இருக்கேன்,” என்றார் அருள்நிறை. அதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியாமல் அவர் போகச் சொல்லிவிட்டார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வெளியூர் அத்தை ஒருவர் வண்டியில் ஏறும்வரை.

அண்ணன் மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர். செவிலிமேட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, வெற்றிலை பாக்கோடு நல்ல நேரம் பார்த்து ஏறினார். ஜெபத்தின் இரண்டாம் பாதியில் ‘எங்கள் இறப்பின் வேளையிலும்’ என்று ஒரு இடம் வரும். முதல் தடவை அதைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்தார். இரண்டாவது தடவை வெற்றிலையை மடியில் மறைத்தார். முதல் பத்து முடிவதற்குள் எழுந்தே நின்றுவிட்டார்.

“நிறுத்துய்யா வண்டிய! கல்யாணப் புடவை எடுக்கப் போற நேரத்துல ஆளாளுக்கு சாவு சாவுன்னு சொல்லிட்டு வர்றீங்களே!”

அருள்நிறை பணிவாகத் திரும்பினார். “அம்மா, இப்பவும் வேண்டிக்கோ, கடைசியிலயும் வேண்டிக்கோன்னு கேக்கறோம். நடுவுல வர்ற கல்யாணம், சீமந்தம், காதுகுத்து எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம்மா.”

விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை. நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

ஸ்டாண்டுத் தலைவர் கனத்த உடம்பும் கனத்த மீசையும் கொண்டவர். அவர் வண்டியிலேயே காலையும் மாலையும் பக்திப் பாட்டு ஓடும். அருள்நிறை அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் நியாயமாகவே பேசினார். “பாட்டு போட்டா புடிக்காதவன் காதை மூடிக்குவான். நீ பதில் சொல்லச் சொல்றே. சொல்லலைன்னா வண்டிய உருட்டறே. அது தப்பா இல்லையா?”

“தப்புதான் தலைவரே.”

“இனிமே டிரைவர் வாயைத் தொறந்து ஜெபம் சொன்னதா ஒரு பேச்சு வந்துச்சு, உன் வண்டி இந்த ஸ்டாண்டுல நிக்காது.”

ஸ்டாண்டு போனால் வீட்டில் சோறும் மருந்தும் போகும். ஜெபம் போனால் ஓரிக்கைக் கட்டிலில் இருந்த பிலோமினா அக்காவுக்கு மிச்சமிருந்த கோயில் போகும். அருள்நிறை சோற்றைத் தேர்ந்தெடுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மறுநாள் வண்டி ஊமையாக ஓடியது. பத்து எண்ணிப் பழகிய ஜனங்களுக்கு எங்கே இறங்குவது என்றே தெரியவில்லை. சரோஜாம்மா சேலைப் பையோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் பள்ளியைத் தாண்டிப்போய்த் திரும்ப நடந்தார். அருள்நிறையே இரண்டு தடவை தவறான தெருவில் திரும்பினார். போனில் பிலோமினா அக்கா இருமுவது மட்டும் கேட்டது. “லைனை வெச்சுடட்டுமா?” என்று அருள்நிறை கேட்டதற்கு, “வேணாம்பா, வண்டிச் சத்தமாச்சும் கேட்டுக்கினு இருக்கேன்” என்று பதில் வந்தது. நான் இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது நாள், புதன்கிழமை, சரோஜாம்மா பொங்கிவிட்டார். “தலைவர் டிரைவரைத்தானே சொல்லக் கூடாதுன்னாரு? நம்ம வாயை யாரு கட்டினது?” என்று சொல்லிக் கண்ணை மூடி, “தூய மரியே...” என்று ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆமென் சொல்லி முடித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மறுபடியும் “தூய மரியே...” என்று அதையே சொன்னார்கள்.

போன் கேட்டது: “முதல் பாதி எங்கங்க?”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. இத்தனை வருஷமாக முதல் பாதியை அருள்நிறைதான் சொல்லி வந்தார். அதனால் வண்டியில் யாருக்கும் இரண்டாம் பாதியைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரே ஒருவனைத் தவிர. ஐந்து தலைகள் மெதுவாக என் பக்கம் திரும்பின. கண்ணாடியில் அருள்நிறையின் இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன.

“சார், சொல்லுங்க சார்,” என்றார் சரோஜாம்மா, தப்பிக்க வழியே இல்லாத குரலில்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, சிறுவயதில் முட்டி போட்டுச் சொன்னதையெல்லாம் நினைவுபடுத்தி, “துயர தேவ ரகசியங்கள்...” என்று இயேசுவின் பாடுகளிலிருந்து ஆரம்பித்தேன்.

“புதன்கிழமைங்க இன்னிக்கு! மகிமை ரகசியம் சொல்ற நாள்ங்க,” என்றது போன். “உயிர்த்தெழுந்து வந்தவரை எதுக்குங்க திரும்பவும் சிலுவையில ஏத்தறீங்க?”

வண்டியே சிரித்தது. வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஐந்து பத்தும் சொல்லி முடித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் மறந்துபோனேன். இரண்டு தடவையும் ஓரிக்கையிலிருந்து அக்கா அடியெடுத்துக் கொடுத்தார். அருள்நிறை உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கைப்பிடியில் விரலால் தாளம் மட்டும் போட்டார்.

செய்தி ஸ்டாண்டுக்குப் போனது. அடுத்த வாரம் தலைவரே சோதனைக்கு வந்து, என் பக்கத்தில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் முதல் பாதி சொன்னேன், ஜனங்கள் இரண்டாம் பாதி சொன்னார்கள். தலைவர் குனிந்து குனிந்து அருள்நிறையின் வாயைப் பார்த்தார். அது தைத்துவிட்டதுபோல் மூடியே இருந்தது. மூன்றாவது பத்துக்கு முன்னால் போன் பேசியது.

“புதுசா யாரோ மூச்சு வாங்கறாங்களே, யாருங்க? உங்களுக்கு இன்னா கருத்துங்க?”

தலைவர் மீசையைத் தடவினார். வெளியே பார்த்தார். சரோஜாம்மா, “கேக்கறாங்க இல்ல, சொல்லுங்க தலைவரே,” என்று இடித்தார்.

“முட்டி வலிம்மா,” என்றார் தலைவர், மிகவும் சின்னக் குரலில். “படி ஏற முடியலை.”

“ஐயோ பாவம். தலைவரோட முட்டிக்காக இந்தப் பத்து.”

அன்றே தடை நீங்கியது. இரண்டு நிபந்தனைகள்: பதில் சொல்லாதவர்களுக்காக வண்டியை உருட்டக் கூடாது. முகூர்த்தப் புடவைக்காரர்கள் ஏறினால் அவர்கள் இறங்கும்வரை மௌனம். அருள்நிறை இரண்டுக்கும் தலையாட்டினார். முட்டி வலி குறைந்ததா என்று கேட்டால் தலைவர் இன்றுவரை பேச்சை மாற்றிவிடுகிறார்.

எனக்கு விடுதலை என்று நினைத்தேன். ஆனால் அருள்நிறை முதல் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “நீங்களே சொல்லுங்க சார்” என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். தினமும் காலையில் இந்த வேலையா என்று சலித்துப்போய், கடன் போட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். கடைசியாக ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறி, இறங்கும்போது கேட்டேன்: “அண்ணே, உங்க வேலையை எதுக்கு என் தலையில கட்டிட்டீங்க?”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கோயில்ல அவ ஆரம்பிப்பா, நான் முடிப்பேன் சார். அவ வுழுந்தப்பறம் வண்டியில நான் ஆரம்பிப்பேன், அவ முடிப்பா. இப்பதான் ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய ஒண்ணா சொல்லிக்கினு வர்றோம். அது நல்லா இருக்குது சார்.”

ஸ்கூட்டரை அன்று சாயங்காலமே மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். கடனை மட்டும் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் அந்த வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.