தாய்மாமன் ஆப்ஜெக்ட் ஆன முகூர்த்தம்

"என் பெயரை வெறுமனே 'மாமா' என்று போட வேண்டாம். கு. சங்கரபாண்டியன், எம்.ஏ., பி.எட்., ஆங்கில ஆசிரியர் (ஓய்வு), வீரகேரளம்புதூர் என்று முறைப்படி போடவும். புள்ளிகள் விடுபடக் கூடாது."

இது என் தாய்மாமா எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வந்தது. (வெள்ளிக்கிழமை என்று அம்மா சாதிக்கிறாள். செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது, வியாழன்தான்.) மரியாதை செய்யப் போய் ஒருவரை அவமானப்படுத்த எத்தனையோ வழிகள் உண்டு. அதைக் கம்ப்யூட்டர் வழியாகச் செய்த முதல் ஆள், எங்கள் குடும்பத்தில் நான்தான்.

அக்காவான எனக்கு முன்பே என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் மகன் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறான், காலத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தென்காசியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் கற்று முடித்த புதிது. பார்ப்பதெல்லாம் எனக்கு ஆப்ஜெக்ட்டாகத் தெரிந்தது. ஆப்ஜெக்ட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, அஞ்சறைப் பெட்டிதான். கடுகு ஓர் அறை, சீரகம் ஓர் அறை என்பதுபோல ஒரு ஆளின் விவரங்களைத் தனித்தனி அறையில் போட்டு ஒரே பெட்டியாக மூடி வைப்பது.

எங்கள் பக்கத்து அழைப்பிதழில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஆள் ஒரு வீட்டுக்கு மாமா, அடுத்த வீட்டுக்கு மச்சான், மூன்றாவது வீட்டுக்குச் சித்தப்பா. ஒவ்வொரு வீட்டுக்கும் முறை மாற்றிப் போனில் அழைப்பு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினேன். மண்டப வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸ் பலகையும் அதிலிருந்தே வரும்படி செய்தேன். (கையால் எழுதியிருந்தால் ஒரு மத்தியானத்து வேலை. புரோகிராமுக்கு ஒன்றரை வாரம் ஆனது.) அழைப்பில் மாமாவின் பெயர் 'மாமா' என்று மட்டும் போனதால் வந்ததுதான் மேலே உள்ள செய்தி.

செய்தியைப் படித்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சி. மற்றவர்களின் பெயரெல்லாம் புரோகிராமில் வெறும் எழுத்தாகக் கிடந்தது. மாமாவுக்கு மட்டும் அஞ்சறைப் பெட்டி செய்தேன். முன்னெழுத்து, பெயர், படிப்பு, பதவி, ஊர் என்று ஐந்து அறை. ஒரு புள்ளி விடாமல் நிரப்பினேன்.

பலகையில் 'வரவேற்போர்' என்ற சொல்லோடு கூட்டல் குறி போட்டு ஒவ்வொரு பெயராக ஒட்டுவது என் புரோகிராமின் வேலை. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். எழுத்தோடு அஞ்சறைப் பெட்டியைக் கூட்டினால்? கண்டிப்பான மொழியாக இருந்தால், "இதெல்லாம் நடக்காது" என்று வேலையை நிறுத்தியிருக்கும். நான் எழுதியது ஜாவாஸ்கிரிப்டில். அது எங்கள் அம்மா மாதிரி. சொல்லாமல் கொள்ளாமல் யார் வந்து நின்றாலும் குழம்பில் தண்ணீரை ஊற்றிச் சமாளித்துவிடும். பெட்டியை அதுவாகவே எழுத்தாக மாற்றி ஒட்டிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பார்க்காமலேயே ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

பெட்டியை எழுத்தாக மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதை, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குற்றாலத்து மண்டப வாசலில் எல்லாரோடும் சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன்.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. வீரகேரளம்புதூரிலிருந்து சீர்த்தட்டுகளோடு மாமாவின் வேன் வந்து நின்றது. மாமா இறங்கினார். பலகையை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். அப்பா பெயர் இருந்தது. சித்தப்பா பெயர் இருந்தது. தாய்மாமன் என்ற இடத்தில், சதுர அடைப்புக்குறிக்குள், ஆங்கில எழுத்தில், 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று இருந்தது.

மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணத்தைப் பண்பொழி மலைக்கோவிலில் வைக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அப்பா குற்றாலத்தில் மண்டபம் பிடித்துவிட்டார். மாமா அப்போது எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்லிக்கொண்டிருந்த வேளையில்தான் பலகை இப்படி எழுந்து நின்றது.

"நான் எப்பம் ஆப்ஜெக்ட் பண்ணுனேன்?" என்றார் மாமா.

"அதானே," என்றார் சித்தப்பா. அப்பாவின் தம்பி, எந்தத் தீயிலும் ஒரு கரண்டி நெய் விடுகிறவர். "அதுவும் ரெண்டு தடவ போட்டிருக்காளே, அண்ணாச்சி."

"மொத ஆப்ஜெக்ட் சின்ன எழுத்துல ஆரம்பிக்குது. ரெண்டாவது பெரிய எழுத்து. மொதல்ல மெதுவா மறுத்தேன், பொறவு சத்தமா மறுத்தேன்னு அர்த்தமா?" முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவர் அல்லவா, பகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "இல்ல, என்னைய ஜடப்பொருள்னு சொல்லுதாளா?"

பதிலுக்கு நிற்காமல் வேனில் ஏறி உட்கார்ந்து, "வண்டியத் திருப்புப்பா," என்றார்.

அம்மா ஓடிப்போய் டிரைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். காலையில் மாமா வந்து மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் என் தங்கை மணவறை ஏற முடியும். அவளுக்கு வேறு தாய்மாமன் கிடையாது. அது ஆனியின் கடைசி முகூர்த்தம். விட்டால் ஆடி பிறந்துவிடும்.

"ஏட்டி, என்னத்தட்டி எழுதி வச்ச?" என்று அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

ஃபிளெக்ஸ் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "நான் பாத்தேன்க்கா. வெளிநாட்டு டிகிரின்னு நெனச்சேன்," என்றார். "பேருக்குப் பின்னால என்னென்னமோ போடுதாங்க. கேட்டாக் கோவப்படுதாங்க."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, குடையை அதற்குப் பிடித்து, நான் நனைந்தபடி வேனுக்கு ஓடினேன். பின் இருக்கையில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே இருந்த அத்தை, "வண்டி திரும்பட்டும். ஆனாச் சாப்பிட்டுத் திரும்பட்டும். எனக்குப் பசிக்கி," என்றாள்.

"மாமா, அது என்னன்னா, டைப் தானா மாறி..."

"சுத்தி வளைக்காத ஏட்டி. நான் ஜடப்பொருளா, மறுப்புச் சொன்னவனா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் இல்ல மாமா. அஞ்சறைப் பெட்டி."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து மாமாவின் மடியில் வைத்தேன். பெட்டியின் ஐந்து அறைகளையும் காட்டினேன். மாமா விரலை வைத்துப் படித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே விரல்.

"பி.எட்.டுக்குப் பொறவு புள்ளி இருக்கு," என்றார்.

"எல்லாப் புள்ளியும் இருக்கு மாமா."

"உள்ள இவ்வளவு இருக்குல்லா. வெளிய ஏன் சொல்லல?"

"பேரக் கேட்டா என்ன சொல்லணும்னு பெட்டிக்கு ஒரு வரி எழுதி வைக்கணும். நான் எழுதல. அதான், 'நான் ஒரு பெட்டி, பெட்டி வகையச் சேந்தவன்'னு மட்டும் சொல்லிருச்சு."

"மத்தவங்க பேரெல்லாம் ஒழுங்கா வந்திருக்கே?"

"அவங்கள்லாம் வெறும் எழுத்து மாமா. நீங்க ஒருத்தர்தான் ஆப்ஜெக்ட்."

மாமா ஜன்னல் வழியாகச் சித்தப்பாவைப் பார்த்தார். "இவனும் வெறும் எழுத்துதானா?"

"ஒரே வரி மாமா."

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். உதட்டோரம் அசைந்தது.

"அப்பம் தப்பு செயப்படுபொருள் மேல இல்ல."

"இல்ல மாமா. எழுவாய் மேலதான்."

வேன் கதவு திறந்தது. முதலில் இறங்கியது அத்தை. "பந்தி எங்கன?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

பலகையில் சித்தப்பா வெள்ளைத்தாளை ஒட்டி, மாமாவின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். (அம்மா விதித்த தண்டனை.) குற்றாலத்துச் சாரலுக்குப் பசை எம்மாத்திரம்? காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது தாள் நழுவித் தரையில் கிடந்தது. செங்கோட்டைப் பெரியவர் ஒருவர் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, "இங்கன ஆப்ஜெக்ட் யாரு?" என்று கேட்டார்.

எனக்கு உயிர் போய் வந்தது. மாமா மாலையும் கையுமாக முன்னால் வந்தார்.

"நான்தான். உள்ள அஞ்சு அறை இருக்கு."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கும்பிட்டார். மாமா தங்கைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து, மணவறைக்குக் கூட்டிவந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னாள்: "பேரு நழுவிப் போனா என்ன, ஆளு வந்து நிக்காருல்லா."

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஆப்ஜெக்ட் மாமாவைக் கேட்காமல் எந்த நல்ல காரியத்துக்கும் நாள் குறிப்பதில்லை. அதற்குமுன் யாரும் அவரை இவ்வளவு மெனக்கெட்டுக் கேட்டதில்லை. விதி இதுதான்: மாமா ஒரு முறை "ஆப்ஜெக்ட்" என்றால் யோசிக்கலாம், இரண்டு முறை சொன்னால் நிறுத்திவிட வேண்டும். என் கல்யாணத்துக்கு ஒரு முறைதான் சொன்னார். (மாப்பிள்ளை புள்ளி வைக்காமல் இனிஷியல் எழுதுகிறாராம்.) என் கணவர் இன்றைக்கும் அந்த இன்னொரு முறைக்குப் பயந்தவராகவே மாமா முன் உட்காருகிறார். சித்தப்பாவை எல்லாரும் 'ஒரு வரி' என்று கூப்பிடுகிறார்கள்.

பலகை கல்யாணத்தன்று மத்தியானமே காணாமல் போய்விட்டது. அது பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு டெம்போவில் தக்காளிக் கூடைகளுக்கு மேல் விரித்துக் கிடப்பதாகவும், அந்த வண்டிக்கே ஆப்ஜெக்ட் வண்டி என்று பெயர் விழுந்துவிட்டதாகவும் அத்தை சொல்கிறாள். சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு டெம்போவாக எட்டிப் பார்க்கிறேன். இதுவரை என் கண்ணில் படவில்லை. ஆகவே இதை உறுதி செய்யப்படாத தகவலாகவே இங்கே பதிவு செய்கிறேன்.