போச்சு டாக்டர் வாங்கிய சிவப்புக் கார்

பதுளையிலிருந்து அப்புத்தளை வரைக்கும் அந்தக் காலத்தில் உயிரோடு இருந்த அத்தனை பேரையும் தலைக்கு ஒரு முறையாவது சாகடித்தவர் எங்கள் போச்சு டாக்டர்தான். வாயால்தான் சொல்கிறேன், பயந்துவிடாதீர்கள். கையால் அவர் கொன்ற ஆள் ஒருவர்கூட இல்லை.

டாக்டர் என்று நாங்கள் சொல்வது மரியாதைக்கு. உத்தியோகம் தோட்டத்து மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பூனாகலைக்கு மேலே ஒன்று, அப்புத்தளைக்குக் கீழே ஒன்று, ஹாலிஎலப் பக்கம் ஒன்று என்று மூன்று தேயிலைத் தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான். ஒரு மட்டக்குதிரை, ஒரு தோல் பை, முழங்கால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோட்டு. காய்ச்சல்காரனின் நாடியைப் பிடிப்பார். பிடித்த கையை விடுவதற்கு முன்னே முகம் தொங்கிப்போகும்.

"என்னங்க ஐயா, பொழைச்சிக்குவானா?"

"போச்சு. சொந்தக்காரங்களுக்கு ஆள் அனுப்பு."

சொல்லிவிட்டு எழுந்து போவாரா என்றால் அதுவும் இல்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்திலேயே உட்கார்ந்துகொள்வார். கஞ்சி ஊற்றுவார், ஈரத்துணி போடுவார், மணிக்கு ஒரு தரம் மருந்து கொடுப்பார், மணிக்கு ஒரு தரம் போச்சு என்பார். நான்காம் நாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில் செத்தவன் முன்வரிசையில் வந்து நிற்பான். இதனால் ஜனங்களுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிட்டது. டாக்டர் போச்சு என்றால் சனியன் விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினார்கள். ஒரு தடவை, வயிற்றுவலி என்று வந்த ஒருவனிடம் வேறு ஏதோ யோசனையில், "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "ஐயோ, டாக்டரே கைவிட்டுட்டாரே!" என்று அவன் பெண்டாட்டி மார்பில் அடித்துக்கொண்டு அழ, லயமே கூடி அழுதது.

நான் அப்போது பூனாகலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் சின்னக் கிளாக்கர். எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் முதல் பிள்ளை பிறந்த அன்று டாக்டர் ஹாலிஎலப் பக்கம் இருந்தார். ஆள் ஓடியது. கொட்டுகிற மழையில் அவர் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கியம் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் மூச்சு வரவழைத்திருக்கலாம் என்று மருத்துவச்சி சொன்னாள். டாக்டர் உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து நனைந்த கோட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தார். எதற்கெடுத்தாலும் போச்சு என்கிற மனிதர் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து பாக்கியம் மறுபடி உண்டானாள். விஷயம் தெரிந்த மறுநாளே டாக்டர் ஆபீசுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"தம்பி, பாக்கியத்துக்கு எந்த மாசம்?"

"கார்த்திகைன்னு சொல்றாங்க ஐயா."

"அப்ப ஐப்பசிக்குள்ள நான் ஒரு காரு வாங்கணும். இந்த ஊவா மாகாணத்துலேயே வேகமா ஓடுற காரா இருக்கணும். நீயும் கூட வா."

"உங்களுக்குக் காரு ஓட்டத் தெரியுமாங்க?"

"சாவுறதுக்கு எதுக்குத் தெரிஞ்சிருக்கணும்?"

கையில் பணம் இருந்தது. கல்யாணம் செய்யாத, வெற்றிலைகூடப் போடாத கட்டை அது. வந்த சம்பளம் எங்கே போகும்?

பதுளையில் மோட்டார் நானா என்று ஒருவர். அவர் கடையில் எப்போதும் இரண்டு மூன்று கார்கள் மினுமினுவென்று நிற்கும். எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, அங்கே இருந்ததிலேயே பெரிய காரைக் காட்டினார்.

டாக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது எப்பப் பள்ளத்துல கவுறும்?"

நானா திடுக்கிட்டார். "கவுறவே கவுறாது டாக்டரய்யா. தங்கமான வண்டி. ஒரு நோவு நொடி கெடையாது."

"நோவே இல்லேன்னு சொன்ன ஆளுங்களத்தான் நானா, நான் மொதல்ல பொதைச்சிருக்கேன்."

"பின்னால பாருங்க, எவ்வளவு எடம்! நோயாளிய நீட்டிப் படுக்க வச்சுக் கொண்டு போகலாம்."

"படுக்க வச்சுக் கொண்டு போறது பொணத்த. எனக்கு நோயாளிகிட்டப் போறதுக்குக் காரு வேணும். சரி, ஓட்டிக் காட்டுங்க. அதுக்கு முன்னாடி தலையக் குடுங்க."

"தலையா?"

டாக்டர் தோல் பையைத் திறந்து கட்டுத்துணியை எடுத்தார். நானா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலையைச் சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டு வந்து, இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார். "அப்புறம் நேரம் இருக்காது நானா. ரத்தம் போயிரும்." விற்பனை கெட்டுவிடக் கூடாதே என்று நானாவும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு இரண்டு கைக்கும் எலும்பு முறிவுக்கு வைப்பதுபோல் சிம்பு வைத்துக் கட்டினார். அந்தக் கோலத்தில் மூன்று பேரும் பதுளைக் கடைவீதி வழியாகப் போனோம். பார்த்தவனெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தான். டாக்டரோ கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மேட்டில் கார் முக்கி முனகி ஏறுவதைப் பார்த்து, "போச்சு, இதுல போனா கருமாதிக்குத்தான் போகலாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது கடை முன்னால் பாதிப் பதுளை நின்றது. நானாவின் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழும்புக்குத் தந்தி எழுதிக்கொண்டிருந்தார்.

"அல்லாவே!" என்று நானா தலைக்கட்டைப் பிய்த்து எறிந்தார். "டாக்டரய்யா, ஒங்களுக்கு நான் காரே விக்கல. எறங்குங்க!"

அதற்குப் பிறகு நாலைந்து இடம் ஏறி இறங்கினோம். காரை விற்கிறவன் புகழ ஆரம்பித்தால் டாக்டர் எழுந்துவிடுவார். ஒளித்து வைக்கிற வியாதிதான் ஆளைக் கொல்லும் என்பது அவர் கட்சி. ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. பாதைகளில் மண் சரிந்தது. பாக்கியத்துக்குக் கால் வீங்கிப் போயிற்று. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் பேரேட்டில் எழுத்து ஓடவில்லை. ஒரு நாள் வாய்விட்டே கத்திவிட்டேன்: "உங்களுக்கு வேணுங்கிற காரு ஒலகத்துல இல்லீங்க ஐயா! விட்டுத் தொலைங்க! எனக்கு விதிச்சது அவ்வளவுதான்!" அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். குதிரை மேல் ஏறி மழையில் போய்விட்டார்.

அந்த வாரமே அப்புத்தளையிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார், காரை விற்கிறார், உடனே வா என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தேன். காரா அது! சிவப்பு வர்ணம் அடித்த குளிக்கிற தொட்டி. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், அதுவும் முழங்காலை வாய்க்கு நேரே மடக்கிக்கொண்டு. முடுக்கிய சத்தத்தில் அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

சின்னத்துரை எங்கள் தமிழைப் பேசுவார், அவருக்குத் தெரிந்த மட்டும். "டாக்டர், இந்தக் காரு ரொம்பக் கெட்டது. மழையிலே பின்பக்கம் முன்னாலே வரும். பிரேக்கு ஒரு நாளு புடிக்கும், ஒரு நாளு புடிக்காது. நான் ரெண்டு தடவை பள்ளத்திலே வுழுந்தாச்சு. நீ வாங்க வேணாம்."

டாக்டர் முகம் மலர்ந்து அன்றுதான் பார்த்தேன். "தம்பி, யோக்கியமான மனுஷன்" என்று என் காதில் சொன்னார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். துரை ஓட்டினார், பக்கத்தில் டாக்டர். எனக்கு இடம் இல்லை. பின்னால் சாமான் பெட்டி மேல் என்னைக் குப்புறப் போட்டு, நான்கு சுருள் கட்டுத்துணியால் காரோடு சேர்த்துக் கட்டினார். பனிமூட்டத்தில் முன்னால் பாதை இருக்கிறதா என்றே தெரியவில்லை. துரை இருக்கிறது என்று நம்பி ஓட்டினார். வளைவுக்கு வளைவு டாக்டர் சாவை முறை வைத்துப் பங்கு போட்டார். "இந்த வளைவுல துரை. அடுத்ததுல நான். தம்பி, நீ கடைசி, கவலப்படாத." நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டுத் தெரியாத சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கார் நின்றது. பண்டாரவளை வந்திருந்தது. குதிரைக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிற தூரம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வார்த்தை பேரம் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினார்.

துரை கப்பல் ஏறுவதற்கு முன் பத்து நாள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பத்து நாளில் டாக்டர் ஒரு கோழிக்கூட்டையும், பெரட்டு மணிக் கம்பத்தையும், பெரியதுரை பங்களா ரோஜாப் பாத்தியையும் காலி செய்தார். முறிந்த ரோஜாக் கிளைக்குச் சிம்பு வைத்துக் கட்டி, "போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். அது மறுமாதம் பூத்தது. மெதுவாக ஓட்டுங்களேன் என்று பெரியதுரையே கெஞ்சிப் பார்த்தார். "மெதுவாப் போனாலும் சாவுதாங்க துரை. வேகமாப் போனா நம்ம வேலையாவது முடியும்" என்று பதில் வந்தது.

கார்த்திகை பிறந்தது. முதல் தேதி மத்தியானமே சிவப்புக் கார் உறுமிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றது. டாக்டர் பையோடு இறங்கினார், நேரே அடுப்படிக்குப் போனார், ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பாக்கியம் சோற்றில் கை வைத்தால், "நல்லாச் சாப்பிடும்மா, இன்னும் எத்தனை நாளைக்கோ" என்பார். அவள் எழுந்து நடந்தால், "போச்சு, நடக்கிறியே" என்பார். உட்கார்ந்தால், "போச்சு, உக்காந்துட்டியே" என்பார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அரிசி முறத்தை அவர் மடியில் வைத்தாள். "கல்லப் பொறுக்குங்க ஐயா, அப்பவாச்சும் வாய் சும்மா இருக்கும்." அவர் வாங்கிக்கொண்டு, "எப்படியும் ஒரு கல்லு தப்பிரும்" என்று சொல்லியபடி பொறுக்கினார்.

எனக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. "ஐயா, ஆள் அனுப்பினா கால் மணி நேரத்துல வர்றதுக்குத்தானே இந்தக் காரு வாங்கினீங்க? இப்படி இங்கேயே உக்காந்திருந்தா எதுக்குக் காரு?"

அவர் முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "அது அன்னிக்குன்னு பாத்து நின்னு போகும் தம்பி. எனக்குத் தெரியும். அதனாலதான் அது ஓடுறப்பவே வந்துர்றேன். விடியக்கால கெளம்பினா மூணு தோட்டத்தையும் பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள இங்க வந்து உக்காந்துரலாம். குதிரைல அது மூணு நாள் வேல. காரு அதுக்குத்தான்."

பதினோராவது நாள் மத்தியானம் அவர் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பாக்கியத்துக்கு வலி எடுத்தது. முறத்தை வைத்துவிட்டுக் கை கழுவினார். மருத்துவச்சி வந்தாள். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மழையில் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாக்கியத்தின் சத்தம் நின்றது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. போன தடவையும் இப்படித்தான் இருந்தது.

உள்ளே டாக்டர் குரல் மட்டும் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "அழு... அழுன்னா அழணும். என்ன பிடிவாதம் இது? மூச்ச விடு. இந்தா, இன்னொரு தரம். அழமாட்டியா? எத்தனை நாளா ஒனக்காக இந்த அடுப்படியில உக்காந்திருக்கேன்? அழுடி என் கண்ணு!" பளார் என்று ஓர் அடி. இன்னொன்று. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம், அதன் பின்னாலேயே வீடு முழுக்க அழுகை. நான் கார் மேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். வெட்கம் எதற்கு, தேம்பித் தேம்பி அழுதேன்.

மழை விட்ட பிறகுதான் டாக்டர் வெளியே வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டே, "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க" என்றார். பிறகு காரிடம் போய், "தம்பி, வா, இதக் கொஞ்சம் தள்ளணும்" என்றார்.

அவர் பயந்தபடியே ஆகிவிட்டதே என்று நினைத்தேன். "என்னங்க ஐயா, ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகும். சத்தம் பெருசா இருக்கும். புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு காரின் பின்னால் வந்து குனிந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஊவாவிலேயே வேகமான அந்தக் காரை, சேற்றில் கால் வழுக்க வழுக்க, நாங்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்து நடை வேகத்தில் தள்ளிக்கொண்டு போனோம். முதல் வளைவு தாண்டியதும் நான் நிமிர்ந்தேன். அவர் மூச்சு வாங்கியபடி வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கேட்கும் என்று தலையை ஆட்டினார். பண்டாரவளை வரைக்கும் தள்ளச் சொல்லியிருந்தாலும் நான் தள்ளியிருப்பேன்.