குளியலறைக் கதவில் இருந்த மின்விசிறிக் கம்பெனி

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இந்த நான்கு வரிக்கே ஒரு நாள் ஆகிவிட்டது. இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொன்னார். மரியாதை முடிந்தது. இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன், எழுத்தும் மிச்சம்.

உன் ஓய்வுப் பணத்தை மாப்பிள்ளையின் பங்குத் திட்டத்தில் போடலாமா என்று போனில் கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுதத் தெரிந்த மனுஷன் எதற்கு வாயை வலிக்கச் செய்ய வேண்டும்?

விஷயம் இதுதான். மாப்பிள்ளை ஒரு விதி கண்டுபிடித்தார். விலை ஏறத் தொடங்கினால் வாங்கு, இறங்கத் தொடங்கினால் வில், அவ்வளவுதான். இதை நம்பி மருந்துக் கிடங்கு வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று ராஜினாமா கடிதமே எழுதிவிட்டார். நம் மகள் அதைப் பிடுங்கித் தையல் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டி, "சோதிச்சுப் பாத்துட்டு வாங்க, அப்புறம் தரேன்" என்று சொல்லிவிட்டாள். சோதிப்பதற்கென்றே சாஃப்ட்வேர் இருக்கிறதாம் மச்சான். முப்பது வருடப் பழைய விலைகளை அதற்குள் வைத்திருக்கிறார்கள். நம் விதியை அதன் மேல் ஓட்டினால், அன்றைக்கே இப்படி வாங்கி விற்றிருந்தால் இன்றைக்கு எவ்வளவு இருக்கும் என்று கோடு போட்டுக் காட்டும். நடந்து முடிந்த கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல. மூன்று சாஃப்ட்வேர் பதினைந்து நாள் இலவசமாகக் கிடைத்தன. மூன்றில் எது நல்லது என்று பார்த்து ஒன்றை வாங்குவதாக ஏற்பாடு. மூன்றாவதின் அலுவலகம் நம் கடைத்தெருவிலேயே, செருப்புக் கடைக்கு மேல் மாடியில், பச்சை எழுத்துப் பலகையோடு இருக்கிறது.

எந்தெந்தக் கம்பெனியை வைத்து ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது மாப்பிள்ளை, "மாமா, நீங்கதான் இப்ப போர்டு ஒண்ணு விடாம படிக்கிறீங்களே, பெரிய கம்பெனியா ஒரு இருபது பேர் எழுதிட்டு வாங்களேன்" என்றார். நாற்பது வருடம் ஏணியில் ஏறிப் பலகைகளை மாட்டியும் கழற்றியும் வந்தவன் நான். ஒன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இப்போது நோட்டும் பேனாவுமாகத் தெருத் தெருவாக நின்று சோப்பு, சிமெண்ட், வங்கி, செருப்பு என்று இருபதையும் எழுதி வந்தேன். சைக்கிள்காரன் ஒருவன் திட்டினான், அதைக்கூடச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று சாஃப்ட்வேரும் மலை ஏறுவது மாதிரி கோடு போட்டன. மாப்பிள்ளை துள்ளிக் குதித்து, "எடு லெட்டரை!" என்றார். நம் மகள் முகம் சுண்டிப்போய்ச் சாவியைத் தேடினாள். நமக்கு இதில் என்ன வேலை என்று நான் குளிக்கப் போனேன்.

தலையில் சோப்பு போட்டபோதுதான் பார்த்தேன். குளியலறைக் கதவு, நான் எப்போதோ கழற்றி வந்த தகரப் பலகை. இருபது வருடமாகத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன்! வந்துபோன ஒருவர்கூடச் சொல்லவில்லை, நீ உட்பட. கழுத்தைச் சாய்த்து எழுத்துக் கூட்டினேன். ஒரு மின்விசிறிக் கம்பெனி. துண்டைச் சுற்றிக்கொண்டு நுரையோடு வெளியே ஓடினேன்.

"மாப்பிள்ளே, இது நம்ம பட்டியல்ல இருக்கா?"

"அதெல்லாம் திவாலாகி எவ்ளோ வருஷமாச்சு மாமா."

"அப்ப, கோழிக்கூண்டு மேல இருக்கே, அது? தண்ணித் தொட்டி மூடி?"

மாப்பிள்ளை எழுந்து வந்து பார்த்தார். ரேடியோ, கடிகாரம், நூற்பாலை என்று மொத்தம் ஏழு பலகை. ஏழும் ஒரு காலத்தில் ஓகோ என்று பங்கு விற்ற கம்பெனிகளாம். கோழியை விரட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நின்னவனை மட்டும் கூட்டிட்டு வந்து ஓடவிட்டிருக்கோம் மாமா. விழுந்தவனெல்லாம் இங்க கிடக்கான்."

ஏழையும் சேர்த்து மறுபடி ஓட்டினார். முதல் சாஃப்ட்வேர் அப்படி ஒரு கம்பெனியே பிறக்கவில்லை என்றது. இரண்டாவது, செத்த கம்பெனிப் பங்குக்குக் கடைசி நாள் விலையைப் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது. மூன்றாவது ஒன்றுதான் மூடிய தேதியைப் போட்டு, விலை பூஜ்யம் என்று காட்டியது. கோடு, சுவரில் சாத்திய ஏணி வழுக்கின மாதிரி இறங்கியது.

"சாவி கெடச்சிருச்சு, லெட்டரை எடுக்கட்டுமா?" என்றாள் நம் மகள், வேண்டுமென்றே.

"இருக்கட்டும், இருக்கட்டும். காலையில என்னை நேரத்துக்கு எழுப்பி விடு, வேலைக்குப் போகணும்."

அந்த ராஜினாமாத் தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நல்ல வழவழப்பான தாள். முன்பக்கத்தைப் படிக்காதே.

உன் அக்காவுக்குக் கதவு தலைகீழ் என்று அன்றைக்கே தெரியுமாம். "சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்கிறாள். இருபது வருடம் மச்சான்! உங்கள் வம்சத்துக்கே அழுத்தம் அதிகம்.

ஆகையால் உன் பணத்தை எடுக்காதே. ஆனால் அந்த மூன்றாவது சாஃப்ட்வேர் தங்கம். உள்ளதை உள்ளபடி சொல்கிறது. மாப்பிள்ளை ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டார். நீயும் கண்ணை மூடிக்கொண்டு கட்டு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நிறையப் படித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பி.கு.: இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆகிவிட்டது. நேற்றுப் பழைய கூட்டாளி ஏணி பிடிக்கக் கூப்பிட்டான். செருப்புக் கடைக்கு மேல் மாடி. அவன் பலகையைக் கழற்றிக் கொடுக்க, நான் கீழே வாங்கினேன். பச்சை எழுத்து. நடுத்தெருவில் நின்று முழுவதும் படித்தேன். மாப்பிள்ளையிடம் சொன்னதும், "சந்தா கட்டி அஞ்சு நாள்தான் மாமா ஆச்சு" என்றார். பிறகு சிரித்துவிட்டு, "அதையும் பட்டியல்ல சேத்துக்கோங்க, எட்டாச்சு" என்றார். மேலே சந்தா கட்டச் சொன்ன வரியை நீயே அடித்துக்கொள். வகுப்பில் எழுதத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அடிக்க எனக்கு மனசு வரவில்லை. பலகை நல்ல கனம். குளியலறைக் கூரை ஒழுகுகிற இடத்தில் போட்டுவிட்டேன். இதை நேராகவே மாட்டியிருக்கிறேன், வந்து பார்.