நனையாமல் பெண் பார்க்கப் போனேன்

தண்ணீர் விளையாட்டில் ஏறி நனையாமல் இறங்குவது எப்படி என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால், அந்த ஆளை விட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். அவர் சொந்தக்காரராக இருந்தால் ஊரை விட்டே போய்விடுங்கள். எனக்கு யோசனை சொன்னவர் என் அக்கா புருஷன். என்னால் போக முடியவில்லை, ஏனென்றால் அப்போது அவர் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் என் மகள் குடும்பத்தோடு ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். "அப்பா, ரெயின்கோட் எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். (எங்கள் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.) ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லியாயிற்று. பாதிக்கப்பட்டவன் என்ன சொல்கிறான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு நெய்வேலியில் வேலை கிடைத்தது. அப்பா அம்மா கோவில்பட்டிப் பக்கம் இருந்தார்கள். நான் அக்காவின் குவார்ட்டர்ஸில் தங்கினேன். எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை அப்பா கடிதம் எழுதி அத்தானிடம் ஒப்படைத்திருந்தார். என்னைக் கேட்டிருந்தால் அத்தானிடம் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஒப்படைக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அத்தானுக்கு மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் வேலை. நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பொங்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி பகலாக பம்ப் ஓடினால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏரிதான். அந்த பம்புகளைப் பார்த்துக்கொண்டவர்களில் அத்தானும் ஒருவர். அதனால் உலகத்தில் உள்ள தண்ணீரெல்லாம் தன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஓடுகிறது என்பது அவர் நினைப்பு. வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் அக்கா பிளம்பரைக் கூப்பிடுவாள்.

அத்தான் பார்த்த பெண் சுகந்தி. அவளுடைய அப்பா மைன்ஸில் போர்மேன். பெயர் ஆறுமுகம், ஆனால் அந்தப் பெயரை நான் கல்யாணப் பத்திரிகையில்தான் முதலில் பார்த்தேன். எல்லோருக்கும் அவர் 'போர்மேன்'தான். அவர் வருகிறார் என்றால் பேசிக்கொண்டிருக்கிறவன் பேச்சை விழுங்குவான், பீடி குடிக்கிறவன் பீடியையே விழுங்குவான். அவருடைய பெண் எனக்குக் கிடைத்தால் நல்லது என்று நானும் நினைத்தேன். லைப்ரரியில் அவளை இரண்டொரு தடவை பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது, அதை வெளியே சொல்லத்தான் தைரியமில்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் ஜென்மத்துக்கும் எனக்கு ஆறாது என்கிற நிலைமையில் இருந்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

டவுன்ஷிப்பில் அப்போது ஒரு வழக்கம். பஜ்ஜி, சொஜ்ஜி என்று முறையாகப் பெண் பார்ப்பதற்கு முன்னால், கோடையில் வருகிற பொருட்காட்சியில் இரண்டு குடும்பமும் 'தற்செயலாக'ச் சந்தித்துக்கொள்ளும். "அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்று இரண்டு பக்கமும் வாயைப் பிளக்கும். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் டெல்லி அப்பளம் தின்ன வந்தோம், தின்றோம், போனோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நல்ல வழக்கம்தான். அதில் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியது பொருட்காட்சிக்காரன்.

அந்த வருஷம் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டை வெட்டினார்கள். நெய்வேலி மண் எப்படிப்பட்ட சிவப்பு என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் செம்மண் குட்டையில் தண்ணீரை நிரப்பி, மேலேயிருந்து தகரச் சரிவு ஒன்றை இறக்கி, அதில் படகை விட்டார்கள். படகு தடதடவென்று சரிந்து குட்டையில் விழும். ஏறினவர்கள் காவி கட்டின சாமியார்களாக இறங்குவார்கள். ஊரே அதற்கு வரிசையில் நின்றது. போர்மேன் அத்தானிடம், "எம்மவ அந்த போட்ல ஏறணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. தம்பியையும் ஏறச் சொல்லுங்க. எப்படிப் பழகுதான்னு பாத்த மாதிரியும் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பெரிய கவலை பிடித்துக்கொண்டது. காரணம் படகு இல்லை, பேண்ட். பெண் பார்ப்பதற்கென்றே வெள்ளை வெளேரென்று ஒரு பேண்ட் தைத்திருந்தேன். (செம்மண்ணும் கரித்தூளும் பறக்கிற ஊரில் வெள்ளை பேண்ட் தைத்தவன் புத்தியைப் பற்றி அக்கா அப்போதே பேசிவிட்டாள். நீங்கள் வேறு ஆரம்பிக்க வேண்டாம்.)

"வேற பேண்ட்டப் போட்டுட்டுப் போயேன்டா" என்றாள் அக்கா. எவ்வளவு எளிமையான யோசனை! அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அத்தான் கையை உயர்த்தினார்.

"நீ சும்மா கெட. மாப்ளே, தண்ணி விஷயத்த எங்கிட்ட விட்டுரு. ஒரு சொட்டு உம்மேல பட்டா நான் வேலைய ராஜினாமா பண்ணுதேன்."

முதல் நாளே போய்க் குட்டையைச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். முன் சீட்டில் இருப்பவர்கள்தான் நனைகிறார்களாம், கடைசி சீட்டில் தண்ணீர் வருவதில்லையாம். அது முதல் பாதுகாப்பு. இரண்டாவது பாதுகாப்பு, மைன்ஸில் அவருக்குக் கொடுத்த கறுப்பு ரெயின்கோட். மூன்றாவது, முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் கம்பூட்ஸ். அது என் காலுக்கு ஒரு சைஸ் சின்னது. "இறுக்கமா இருந்தாத்தான் தண்ணி உள்ள போகாது" என்று காலை அமுக்கி உள்ளே தள்ளினார்.

சித்திரை மாதம். காக்காய்கூட நிழலைத் தேடுகிற வெயில். அந்த ஊரில், அந்த நேரத்தில், கழுத்துவரை பட்டன் போட்ட ரெயின்கோட்டும் கம்பூட்ஸுமாக ஒருத்தன் பொருட்காட்சி வரிசையில் நின்றான். "என்னண்ணே, புயல் வருதா? ரேடியோல சொன்னாங்களா?" என்று ஒரு பொடியன் கேட்டான். பஸ்ட் ஷிப்ட் முடித்து வந்த ஆட்கள், "சார் இன்னும் டியூட்டில இருக்கார்பா" என்றார்கள். படகில் ஏறுவதற்கு முன்பே நான் வியர்வையில் தொப்பலாகியிருந்தேன். நனையாமல் இருப்பதற்காக நனைந்த முதல் ஆள் நான்தான்.

சுகந்தி சாதாரண நூல் புடவையில் வந்திருந்தாள். கையில் துவட்டிக்கொள்ள ஒரு துண்டு. அவ்வளவுதான் அவளுடைய ஏற்பாடு. போர்மேன் கஞ்சி போட்ட எட்டு முழ வேஷ்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை கடைசியில் பூட்ஸில் வந்து நின்றது.

படகுக்காரன் பக்கத்தில் இருக்கிற வடக்குத்து கிராமத்து ஆள். "இன்னா சார், இத்தயெல்லாம் போட்டுகினு ஏறப் போறீங்களா?" என்றான்.

"கடைசி சீட்டுல தண்ணி வராதுல்ல?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க. குந்துங்க" என்றான். அவனுக்குப் படகு நிறைய வேண்டும். என் வாழ்க்கை எக்கேடு கெட்டால் அவனுக்கென்ன?

உட்கார்ந்தேன். அந்த சீட்டில் முந்தைய சவாரியின் தண்ணீர் ஒரு சாண் பள்ளத்தில் தேங்கியிருந்தது. ரெயின்கோட்டின் பின்பக்கம் வெட்டு விட்டிருப்பார்களே, அது வழியாக அந்தத் தண்ணீர் நேராகப் பேண்ட்டை விசாரிக்க வந்துவிட்டது. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், படகுக்காரன் சுகந்தியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தான். "வேற எடமில்லம்மா, இங்கியே குந்துங்க" என்றான். முன் சீட்டில் அத்தானோடும் சுகந்தியின் அம்மாவோடும் இருந்த அக்கா திரும்பிப் பார்த்து, பேசுடா என்று கண்ணைக் காட்டினாள்.

எத்தனையோ நாள் லைப்ரரியில் தூரத்திலிருந்து பார்த்த பெண். முழங்கை படுகிற தூரத்தில். என்ன பேசலாம்? நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருக்கலாம். என்ன புத்தகம் படிக்கிறீங்க என்று கேட்டிருக்கலாம். நான் என் வருங்கால மனைவியிடம் பேசிய முதல் வாக்கியம் இது:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நான் நனையக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தாள். படகு சரிந்தது.

அத்தான் சொன்னது ஒரு விதத்தில் சரி. படகு விழுந்ததும் தண்ணீர் முன்னால்தான் போயிற்று. ஆனால் போன தண்ணீர் போன இடத்திலேயே இருக்குமா? எதிர்க்கரையில் முட்டி, கோபத்தோடு திரும்பி வந்து, படகு கடைசியாக நிற்கிற நேரத்தில் பின்பக்கமாக ஏறியது. அத்தான் முதல் நாள் பார்த்தபோது படகில் சின்னப்பிள்ளைகள் இருந்தார்களாம். பெரியவர்கள் ஏறினால் படகின் பின்பக்கம் அமுங்கும் என்பதை மைன்ஸில் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. அலை என் கழுத்து வழியாக ரெயின்கோட்டுக்குள் இறங்கி, பேண்ட்டைக் குளிப்பாட்டி, கடைசியில் இரண்டு பூட்ஸிலும் போய்க் குடியேறியது. இறுக்கமான பூட்ஸ். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. அத்தான் காலையெல்லாம் சுரங்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற தண்ணீரைத்தான் குழாய் போட்டுக் குட்டைக்கு விட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்மேல் இருந்த கோபத்தை என்மேல் தீர்த்துக்கொண்டுவிட்டது.

சுகந்தியும் நனைந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூந்தலைப் பிழிந்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். அனல்காற்றில் அக்காவின் புடவைகூடக் கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிட்டது. ரெயின்கோட் போட்டவன் மட்டும் உலரவில்லை. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்காத அந்தக் கோட்டு, வந்த தண்ணீரை வெளியே விடாமல் மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டது. நடந்தால் 'சளக், சளக்' என்று சத்தம். கூட்டம் விலகி வழிவிட்டது.

படகுக்காரனிடம், "நனையாதுன்னு சொன்னியேய்யா!" என்று கத்தினேன்.

"நனையறதுக்குத்தான சார் டிக்கெட்டு?" என்றான். 

போர்மேன் எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார். "பூட்ஸக் கழத்துங்க தம்பி, காலு ஊறிரும்" என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பூட்ஸ் வரவில்லை. ஊறிப்போய் காலோடு ஒட்டிக்கொண்டது. அத்தான், "விடு மாப்ளே, நான் பாத்துக்கிடுதேன்" என்று என் வலது காலைத் தூக்கித் தன் இடுப்புக்கு நேரே வைத்துக்கொண்டு இழுத்தார். நாற்காலியோடு நானும் போனேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேடிக்கை பார்க்க ராட்டினத்தில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்துவிட்டார்கள். அத்தான் பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, தலைக்கு மேலாக ஒரு இழுப்பு இழுத்தார். பூட்ஸ் கழன்றது. அது அத்தான் கையோடு பின்னால் போக, அதற்குள் இருந்த செம்மண் குழம்பு முழுவதும் அவர் தலையைத் தாண்டி, பின்னால் நின்ற போர்மேனின் நெஞ்சிலிருந்து வேஷ்டி நுனி வரைக்கும் இறங்கியது.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரைக்கும் நனையாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

ராட்டினக்காரன் போட்டிருந்த ரெக்கார்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போர்மேன் வேஷ்டியைக் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு சுகந்தியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சுகந்தி திரும்பிப் பார்த்தாளா என்று கேட்காதீர்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கிற முகம் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு பூட்ஸோடு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அத்தானிடம் பேசவில்லை. "அப்ப ராஜினாமா எப்பக் குடுக்கப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டேன்.

அடுத்த நாள் பஸ்ட் ஷிப்ட் முடிந்து அத்தான் ஜாங்கிரியோடு வந்தார். "போர்மேன் சரின்னுட்டாரு!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. "நம்ம ஆளுவகிட்ட கம்பெனி குடுக்கிற பூட்ஸப் போடுங்கலேன்னு நானும் வருசக்கணக்காத் தொண்ட கிழியக் கத்துதேன். ஒருத்தன் போடமாட்டேங்கான். இந்தத் தம்பி பொருட்காட்சிக்கே போட்டுட்டு வந்திருக்கு. இப்படி ஜாக்கிரதயான பய எம்மவளக் கைவிடமாட்டான்" என்றாராம். என் படிப்பு, உத்தியோகம், குணம் எதுவும் கணக்கில் வரவில்லை. அத்தான் அன்று ஆரம்பித்தவர்தான், "எம் பிளான்லதான் கல்யாணமே முடிஞ்சுது" என்று குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் மைக் இல்லாமலே முழங்குவார். முக்கி எடுத்தவருக்குப் பெருமை, முங்கினவனுக்குக் கேலி!

மாமனாரின் எண்பதாம் கல்யாணத்திலும் முழங்கினார். மாமனார் புது வேஷ்டியில் மணையில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சுகந்தி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் புகுந்தாள்.

"பூட்ஸுக்காகச் சரின்னது அப்பா. நான் அதுக்காகச் சொல்லல. தள்ளி உக்காருன்னு சொன்னாரே, அப்பவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"பிறகு எதுக்குச் சரின்ன? நான் சொன்னேன்னுல்லா நெனச்சேன்?" என்றார் மாமனார்.

"வீட்ல உங்க வேஷ்டில ஒரு சொட்டுக் காபி பட்டா அம்மா ஒரு வாரம் பேச்சு வாங்குவா. அன்னிக்கு உங்கமேல ஒரு பூட்ஸ் தண்ணி விழுந்துச்சு, நீங்க வாயத் திறக்கவே இல்ல. எங்கப்பாவ வாயடைக்க வச்ச வீட்டுக்கு மருமகளாப் போறதுல என்ன யோசன?"

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். மாமனார் வாயைத் திறந்து, மூடினார். அத்தான், "பாத்தியா, அதுவும் நான் இழுத்த இழுப்புதான!" என்றார்.

ஆக, அப்பா சம்மதித்தது நான் பூட்ஸைப் போட்டதற்கு. மகள் சம்மதித்தது அதைக் கழற்றியதற்கு. நடுவில் அந்த பூட்ஸுக்குள் ஒருத்தன் இருந்தானே, அவனை யாருக்காவது பிடித்திருந்ததா என்று மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"பந்தி ஆரம்பிச்சாச்சு, சாப்பிட வாங்க" என்றாள் சுகந்தி.