மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த ஒரு காபி

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய இடம் இது. இங்கு நான் நலமாக இல்லை. அங்கு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆகவே இரண்டு பேர் நேரத்தையும் வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அன்பளிப்பாகக் கொண்டுவந்து வைத்த காபி மிஷினை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். போகும்போது உங்கள் அத்தையை உட்காரவைத்து, அன்றைக்குக் காபி போட்டது சும்மா ஒரு நாள் கூத்து, அதை யாரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டும். என் வீட்டில் நான் காபி குடித்து இன்றோடு இருபத்தொரு நாள் ஆகிறது.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பற்றவைத்தவர் பத்தரை மணி ரயிலில் ஏறிப் போய்விட்டார். நீங்கள் நாலு நாள் தங்கினீர்கள், மகிழ்ச்சி. கடைசி நாள் காலையில் அடுக்களைக்குள் போய், "அத்தை, நீங்க உக்காருங்க. இன்னிக்கு என் கையால காபி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். பழுப்புச் சர்க்கரையில் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சினீர்கள், எஸ்பிரஸ்ஸோவோ என்னவோ ஒன்றைக் கறுப்பாக இறக்கினீர்கள், பாலை நுரைக்கவைத்து மேலே ஊற்றினீர்கள். ஊற்றும்போதே, கம்பெனி கம்பெனியாகப் போய் நீங்கள் எடுக்கும் வகுப்பை எங்களுக்கும் எடுத்தீர்கள். வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில்தான் உறவு வளரும் என்றீர்கள். உங்கள் அத்தை ஜன்னலைப் பார்த்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அந்த ஒரு காபிக்கு நீங்கள் எடுத்த பாத்திரங்கள் ஏழு. அவற்றைக் கழுவியதும் அவள்தான். பகிர்ந்துகொள்வது பற்றிய வகுப்பில் அந்தப் பாடம் அடுத்த வாரம் வருகிறதோ என்னவோ.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் வழக்கம்போல் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறேகால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று, அடுக்களையில் ஒரு சத்தத்தையும் காணோம். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால், நீங்கள் இழுத்துப் போட்ட அதே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "காபி?" என்றேன். "ஆமா, காபி" என்றாள். "மாப்பிள்ளை போட்டாரே, அதே மாதிரி. நீங்க போடுங்க." எனக்கு அதெல்லாம் தெரியாதே என்றேன். அதற்கு அவள் சத்தம் போடவில்லை, மாப்பிள்ளை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "நாப்பத்தோரு வருஷமா இந்த வீட்ல நான்தான் காபி போடறேன். யாராவது போட்டு என் கையில குடுத்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இனிமே காபின்னா நீங்க போடணும், நான் உக்காந்து குடிக்கணும். அது நடக்கற வரைக்கும் இங்க காபி கிடையாது" என்று நிதானமாகச் சொன்னாள்.

சோறு குழம்பு எதிலும் குறை வைக்கவில்லை. காபி மட்டும் கிடையாது, அவளுக்கும் சேர்த்துக் கிடையாது. காலையில் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு எழுந்து போவாள். தெருமுனைக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வர வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். வீட்டில் ஒருத்தி வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கடைக் காபி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று இறங்கினேன். ஆனால் நான் முப்பத்துநாலு வருடம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவன். தண்ணீரை அடைத்துச் சூடு பண்ணுகிற எதுவும் எனக்குப் பாய்லர்தான், அது ஆலையில் இருந்தாலும் சரி, அடுக்களை மேடையில் இருந்தாலும் சரி. சோதனை போடாமல் ஸ்விட்சில் கைவைக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. முதல் நாள் நீள அகலம் அளந்தேன். இரண்டாம் நாள் தண்ணீர் நிரப்பி எங்காவது கசிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பதிவேடு ஒன்று திறந்து, நீராவி வருகிற அந்தக் குழாயின் திருகைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்தேன். பழைய பெட்டியில் முத்திரை இடுக்கி இன்னும் இருக்கிறது. உங்கள் அத்தை மூன்று நாளும் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "சோதனை முடிஞ்சுதா?" என்று கேட்பாள். இன்னும் சான்றிதழ் எழுதணும் என்பேன். வெந்நீரைக் குடித்துவிட்டுப் போவாள்.

அடுத்தது, நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன செய்முறைச் சீட்டு. படித்தவர், ஊருக்கெல்லாம் வகுப்பு எடுப்பவர், எழுதியிருக்கிற லட்சணம் இது: பட்டை கொஞ்சம், கிராம்பு தேவைக்கு, சர்க்கரை பார்த்துப் போடவும். யாரைப் பார்த்துப் போடுவது? கிராம்பு எனக்குத் தேவை என்றா கிராம்புக்குத் தேவை என்றா? இப்படி ஒரு குறிப்பை என்னிடம் எந்த ஆலைக்காரனாவது நீட்டியிருந்தால் அன்றைக்கே ஆலையைப் பூட்டியிருப்பேன். முதல் நாள் பாகில் கிராம்பு பதினைந்து போட்டேன். ருசி பார்த்ததும் நாக்கு மரத்துப்போய், மத்தியானம் சாப்பிட்டது சோறா காகிதமா என்று தெரியவில்லை. கீழ்வீட்டில் பல் டாக்டர் இருக்கிறார் அல்லவா, அவர் வாசம் பிடித்து மேலே வந்து, "சார், மாடியில யாரு பல் பாக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பாகு இறுகிக் கல்லாகிவிட்டது. அதில் செருகிய கரண்டி செருகியபடி இன்றும் நிற்கிறது. பாத்திரத்தைத் தூக்க வேண்டுமானால் கரண்டியைப் பிடித்துத் தூக்கினால் போதும். நாலாம் நாள்தான், ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர், ஒரு விரல் நீளப் பட்டை, கிராம்பு மூன்று, ஜாதிக்காய் இரண்டு தேய்ப்பு, ஆறு நிமிடம் கொதி என்று ஒரு வழிக்கு வந்தது. பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். பிரதி வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள்.

இனிமேல்தான் மிஷின். பொடியை இறுக்கி, பிடியை மாட்டி, பொத்தானை அழுத்தினால் உறுமிக்கொண்டு, அழுத்தம் காட்டுகிற வட்டத்தில் முள் ஏறுகிறது. மூன்று, ஐந்து, ஆறு. என் காலத்தில் என் கையிலிருந்த பாய்லர்கள் எல்லாமே ஏழு தாங்குகிறவை. முள் ஏழைத் தொட்டால் யோசிக்கக் கூடாது, கேட்கக் கூடாது, ஓடிப்போய் மெயினை அணைக்க வேண்டும். முப்பத்துநாலு வருடம் மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அது. முள் ஏழைத் தொட்டது. என் கால் என்னைக் கேட்காமலே மாடிப்படி இறங்கி ஓடி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற கட்டடத்தின் மெயினை இழுத்துவிட்டது. கீழே பல் டாக்டர் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைப் பாதி குடைந்திருந்தார். அந்த ஆள் வாய் நிறையப் பஞ்சோடு எழுந்து வந்து படியில் நின்று என்னைப் பார்த்தார். அவரால் பேச முடியவில்லை. பேசியிருந்தால்கூட அவ்வளவு பாதித்திருக்காது.

மறுநாளிலிருந்து மெயின் பக்கம் போகவில்லை. முள் ஏழைத் தொட்டதும் சுவரில் இருக்கிற பிளக்கைப் பிடுங்கினேன். பத்து நாள் பிடுங்கினேன். ஒவ்வொரு நாளும் கோப்பையின் அடியில் நாலைந்து சொட்டு புளித்த தண்ணீர் விழும். குழாய்க்கு முத்திரை வைத்துவிட்டதால் பாலை அடுப்பில் சுடவைத்து, பாகு விட்டு, அந்த நாலைந்து சொட்டைக் கலந்து நீட்டுவேன். உங்கள் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பாலு" என்று கீழே வைப்பாள். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. பத்து நாளும் அதே ஒரு வார்த்தை. நான் பதிவேட்டில், இயந்திரம் பழுது, கொடுத்தவர் பொறுப்பு என்று எழுதி உங்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்தேன்.

நேற்றுக் காலை அவள் அந்தப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். "எல்லா நாளும் ஏழுன்னு எழுதியிருக்கீங்களே, ஏழுல அதுவா நிக்குதா, நீங்க நிறுத்தறீங்களா?" என்றாள். நான்தான் என்றேன். ஏன் என்றாள். அதற்கு மேலே போனால் ஆபத்து என்றேன். "மாப்பிள்ளை போட்டப்ப முள்ளு ஒன்பதுல போய் நின்னுது. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குடித்தவள், போடும்போது முள்ளைப் பார்த்திருக்கிறாள். சான்றிதழ் வைத்திருக்கிற நான், மிஷினோடு வந்த சிறு புத்தகத்தில் ஒன்பது என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அச்சுப்பிழை என்று அடித்துவைத்திருந்தேன். அவள் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். "போடுங்க. வெடிச்சா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வெடிக்கும்" என்றாள்.

பொத்தானை அழுத்தினேன். ஏழு வந்தது. "கையை எடு" என்றேன். எடுக்கவில்லை. எட்டு. ஒன்பது. நின்றது, மாப்பிள்ளை. முள் ஆடாமல் அசையாமல் ஒன்பதில் நின்றது, அடியில் கறுப்பாக, கெட்டியாக, எலிவால் மாதிரி ஒழுகி இறங்கியது. நான் வைத்த முத்திரையை நானே அறுத்தேன், வாழ்க்கையில் முதல் தடவை. நீராவி சீறியது, பால் நுரைத்தது. பாகு விட்டு, பொங்கப் பொங்க ஊற்றி, அவள் கையில் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நாற்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை இவள் எனக்குக் கொடுத்திருப்பாள், நான் ஒரு தடவையாவது பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியிருப்பேனா என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாகத் தெரியும், அப்படியே விடுகிறேன்.

குடித்து முடித்து, "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றாள். அவளுக்கும் அந்தக் கொஞ்சம் தொற்றிக்கொண்டது உங்களால்தான். சபதம் நிறைவேறியாயிற்றே என்று, "அப்ப நாளையிலேருந்து நீ வழக்கம்போல..." என்று இழுத்தேன். "நாளைக்கு ஆறரைக்கு வந்து உக்காருவேன்" என்று கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இன்று சரியாக ஆறரைக்கு வந்து உட்கார்ந்தாள். போட்டுக் கொடுத்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டால், எனக்கென்று நானே போட்டுக்கொள்ள இன்னும் கை வரவில்லை. பிறர் நீட்டியே பழகிய நாக்கு இது. ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் பெரிய மனது பண்ணி வந்து இந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் தினமும் காலையில் என் மகளுக்கு இதைப் போட்டுக் கொடுக்கிற புண்ணியவான் நீங்கள். உங்கள் பழக்கம் உங்களோடு இருக்கட்டும், எங்கள் வீட்டுக்குள் விட வேண்டாம்.

மற்றவை நேரில். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வகுப்புக்கு மேல் வகுப்பாக எடுத்து, கேட்கிறவர்கள் தூங்காமல் இருந்து, மேலும் மேலும் உயர ஆசீர்வதிக்கும்,

காபிக்கு ஏங்கும் உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் மனைவி போன் செய்தாள். உங்கள் அத்தை ஆசையாக, "அங்க மாப்பிள்ளை தினமும் உனக்கு இதே காபிதான் போட்டுக் குடுப்பார் இல்ல?" என்று கேட்டாள். என் மகள், "எந்த மாப்பிள்ளைம்மா?" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அந்த மிஷினை உங்கள் ஆபீசில் கொடுத்தார்களாம், வகுப்பில் போட்டுக் காட்டுவதற்காகப் பழகினீர்களாம், வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று இங்கே கொண்டுவந்து தள்ளினீர்களாம். "எட்டு வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்லம்மா. அங்க வந்து காபியா போட்டாரு?" என்று கேட்டாள். எனக்கு உங்கள் மேல் அடக்க முடியாத கோபம் வந்தது. பிறகு என் கணக்கு நாற்பத்தொன்று என்பது நினைவுக்கு வரவே, உங்கள் எட்டுக்குத் தகுந்த அளவு குறைத்துக்கொண்டேன். உங்கள் அத்தை, "நீ கிளம்பி வா, அப்பா போட்டுக் குடுப்பார்" என்று சொல்லிவிட்டாள். மகள் சனிக்கிழமை வருகிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, காபி அலுக்கும்வரை என்றாள். மிஷின் இங்கேயே இருக்கும், இரண்டு கோப்பை போட நான் இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் தாராளமாக வரலாம். அடுக்களையில் நாற்காலி இரண்டுதான், அதில் அவர்கள் உட்காருவார்கள். நான் மிஷின் பக்கத்தில் நிற்பேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன். கரண்டி நிற்கிற அந்தப் பாத்திரத்தையும் யாரும் தொடவில்லை.