நாலு நாளாக நின்ற ரயில்

வடிவாம்பாளை அழ வைத்தே தீருவது என்று போன ஆவணியில் முடிவு செய்தேன். வடிவாம்பாள் என் மனைவி. முப்பது வருஷமாக என்னை அழ வைப்பவளுக்கு ஒரு நாளாவது பதில் மரியாதை செய்கிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். விஷயம் வேறு. எங்கள் ஒரே பிள்ளை குரு காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் தறியில் உட்கார்ந்து அழுது ஒரு பட்டுச் சேலையையே கறையாக்கினேன். இவள் ஒரு சொட்டு விடவில்லை. அவன் பேரைக்கூட அதன் பிறகு என் காதுபடச் சொன்னதில்லை. உள்ளுக்குள்ளேயே புழுங்கி இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

மாடி அறையில் குரு செய்த பொம்மை ரயில் இருந்தது. ஏனாத்தூர் காலேஜில் படிக்கும்போது ஆரம்பித்தான். பலகை மேல் வட்டமாகத் தண்டவாளம். இந்தப் பாதியில் பெரிய காஞ்சிபுரம் ஸ்டேஷன், அந்தப் பாதியில் சின்ன காஞ்சிபுரம். கரன்ட் கொடுக்கப் பாதிக்கு ஒரு அடாப்டர். இரண்டின் வயர்களும் மாட்டாமல் தொங்கின. பிள்ளை முடிக்காமல் விட்ட வேலை. அவன் பிறந்த நாளுக்குள் முடித்து ஓட்டிக் காட்டினால் இவள் வாய்விட்டு அழுவாள், பாரம் இறங்கும் என்று கணக்குப் போட்டேன்.

தினமும் பதினோரு மணிக்கு நெசவாளர் சங்கத்துக்குப் போவது என் வழக்கம். அதையே சாக்காகச் சொல்லி, தெருமுனை வரை போய், பின்பக்கப் படியில் பூனை மாதிரி ஏறினேன். தண்டவாளத்தைத் துடைத்தேன். துணியில் தூசியே ஒட்டவில்லை. மூன்று வருஷம் யாரும் நுழையாத அறை இவ்வளவு சுத்தமா என்று பெருமைப்பட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

பலகை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தண்டவாளத்தில் என் பக்கம் இருக்கும் கம்பிக்குச் சிவப்பு வயர், தள்ளி இருக்கும் கம்பிக்குக் கறுப்பு. எதிர்ப் பாதிக்கும் அப்படியே, இருந்த இடத்தை விட்டு அசையாமல் எட்டி எட்டி மாட்டினேன். வாழ்நாளெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்தவன் நான். சேலைதான் என்னிடம் வரும். நான் சேலையைச் சுற்றி வந்ததில்லை.

நாலாம் நாள் சுவிட்சைப் போட்டேன். ரயில் பெரிய காஞ்சிபுரத்தை விட்டு ஜோராகக் கிளம்பியது. பாதி வட்டம் முடிந்து அடுத்த பாதி தொடங்கும் இடத்தில் உதறிக்கொண்டு நின்றது. சின்ன காஞ்சிபுரத்தில் மாமனார் வீட்டோடு சண்டை போட்டவன் மாதிரி, எத்தனை தடவை விட்டாலும் எல்லையைத் தாண்டவில்லை. பிள்ளை விட்டுப்போன இந்த ஒரு வேலையைக்கூட முடிக்க முடியாத அப்பனாகிவிட்டேனே என்று சுவிட்சை அணைத்தேன்.

திரும்பினால் வாசற்படியில் வடிவாம்பாள்.

"எங்க உக்காந்துகினு வயரு மாட்டுனீங்க?"

"இங்கதான்."

"எழுந்துக்கவே இல்லியா?"

"தறிக்காரன் எதுக்கு எழுந்துக்கணும்?"

"ரயிலு வட்டமா சுத்துதுல்ல. சிவப்பு எப்பவும் வெளிக்கம்பிக்குதான் போவணும். அந்தப் பாதியில உங்களுக்குக் கிட்ட இருக்கறது உள்கம்பி. குரு படிச்சுப் படிச்சு சொல்லுவான்."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேரைச் சொன்னாள். சாதாரணமாக, அவன் கீழே காபி குடித்துக்கொண்டிருப்பது போல.

எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, இரண்டு வயரைக் கழற்றி இடம் மாற்றினாள். சுவிட்சைப் போட்டாள். ரயில் எல்லையைத் தாண்டிச் சின்ன காஞ்சிபுரம் போய், சுற்றி எங்களிடமே வந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அவன் இருக்கும்போதே முடிச்சுட்டான். தெனம் நீங்க சங்கத்துக்குப் போனதும் நான் வந்து ஓட்டுவேன். கொஞ்ச நேரம் அவன்கூட பேசிக்கினு இருப்பேன்."

"வயரு தொங்கிக்கினு இருந்துதே?"

"போறப்ப நான்தான் கழட்டி வுடுவேன். ரயிலு ஓடறத பாத்தா நீங்க தாங்க மாட்டீங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "நாலு நாளா நீங்க எடத்த புடிச்சுக்கினீங்க. அவன்கூட பேசி நாலு நாளாச்சு. அதான் வந்துட்டேன்."

ரயில் இன்னொரு சுற்று வந்தது. நான் பக்கத்தில் நகர்ந்து, மெதுவாக சுவிட்சு பக்கம் கையை நீட்டினேன்.

"பாருங்க. தொடாதீங்க," என்றாள்.

அவள் அழுதால் கண் துடைக்கக் கொடுக்கலாம் என்று தோளில் ஒரு புதுத் துண்டு போட்டு வந்திருந்தேன். அது எனக்கே போதவில்லை.